சாப்பாட்டு ஹாலில் கேட்ட குரல்

அத்தியாயம் 9

அண்ணி கிளம்புவாளா மாட்டாளா என்று ஒரு வாரமாக வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. சனிக்கிழமை காலையில் விடை கிடைத்தது. கிளம்பிவிட்டாள்.

அதுவும் எப்படி! பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்த நீலப் பட்டுப் புடவை, கல் வைத்த தோடு, தோளில் கைப்பை. வேனின் முன்கதவைத் திறந்து, ஒரு மடிப்பும் கலையாமல் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகளும் வயர் சுருள்களும் இருந்தன. அவற்றின் நடுவே கால் நீட்ட இடமில்லாமல் பாப்பா.

"பாப்பா, உனக்கு உக்கார எடம் இருக்கா?"

"நான் பெட்டியோட பெட்டியா இருந்துக்கறேன் அண்ணி. நீங்க புடவையைப் பாத்துக்குங்க."

பாப்பாவுக்கு வயது இருபத்துமூன்று. பகலில் கண் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, கோபமாக வருகிறவர்களைக் குளிர வைத்து அனுப்புவது அவள் வேலை. ஆனாலும் வீட்டில் பாப்பாதான். அண்ணி மணமாகி வந்த நாளில் பள்ளிக்கூடப் பையோடு எதிரில் நின்ற நாத்தனாரை அப்படிக் கூப்பிட்டாள். அதுவே நிலைத்துவிட்டது.

வேனை ஓட்டுகிற அண்ணனுக்கு ஊரில் 'சவுண்டு' என்று பெயர். மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். அவனிடம் இருக்கிற சவுண்டெல்லாம் பெட்டிகளில்தான், வாயில் கிடையாது. இந்த வாரத்துச் சண்டையே அதனால்தான் மூண்டது.

மருந்துக்கடை அத்தையின் மகனுக்குக் கல்யாணம். அப்பாவின் அக்கா அவள். சொந்தத்திலேயே கை ஓங்கிய குடும்பம். அத்தை அண்ணனுக்குத்தான் போன் செய்தாள். "சனிக்கிழமை வந்துடுடா, செட்டோட வந்துடு" என்றாள். வரச் சொன்னது தம்பி மகனையா, மைக் செட்டுக்காரனையா என்பது அண்ணியின் சந்தேகம்.

"என்னைக் கூப்பிட்டாங்களா?" என்று அண்ணி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"உன்னைத் தனியா வேற கூப்பிடணுமா?" என்று அண்ணன் கேட்டுத் தொலைத்தான்.

அன்றிலிருந்து வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. கடைசியில் வியாழக்கிழமை பாப்பா நடுவில் புகுந்தாள். "நீங்க வாங்க அண்ணி. அங்க யாராவது உங்களை ஒரு சொல் சொல்லட்டும், அப்புறம் என்னைக் கேளுங்க. நான் பொறுப்பு" என்றாள்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"உனக்காக வரேன் பாப்பா. இந்த ஒரு தடவைதான். அங்கயும் நாலு பேர் முன்னாடி என்னை ஒண்ணுமில்லாதவளா ஆக்கிட்டா, அதுக்கப்புறம் உங்க சொந்தபந்தம் எதுவும் எனக்கு வேண்டாம். இந்த வீட்டையும் சேத்துத்தான் சொல்றேன்."

சொல்லிவிட்டு மறுபடி காய் நறுக்கத் தொடங்கினாள். மிரட்டுகிற குரலே இல்லை. அதனால்தான் பாப்பாவுக்கு அது நிஜமென்று பட்டது.

மண்டபத்தின் முன்வாசலில் பூ அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. வேனைப் பார்த்ததும் காவலாளி கையை வீசிப் பக்கவாட்டு கேட்டைக் காட்டினான். அங்கே இன்னொருவன் நின்றான்.

"வேலைக்கு வந்தவங்க மட்டும்தான் இந்தப் பக்கம். இந்தம்மா யாரு?"

அண்ணன் தொண்டையைச் செருமினான். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. பெட்டிகளுக்கு நடுவிலிருந்து பாப்பா தலையை நீட்டினாள்.

"எங்க கூட செட்டுக்கு வந்தவங்கதான், விடுங்க."

கேட் திறந்தது. காவலாளி பட்டுப் புடவையை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தான். அண்ணி முகத்தைத் திருப்பவில்லை. கண்ணாடி வழியாக நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை ஆக வேண்டும் என்றுதானே சொன்னேன் என்று பாப்பா நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்ள வேண்டி வந்ததே கொஞ்சம் உறுத்தியது. ஆனால் இறக்கி வைக்க வேண்டிய பெட்டிகள் நிறைய இருந்தன.

மேடைக்கு எதிர்க் கோடியில், சுவரோரமாக, சவுண்டைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரை வைத்தார்கள். அண்ணன் வயர்களைப் பிரித்தான். பாப்பா கால் தடுக்காமல் இருக்க அவற்றைத் தரையோடு சேர்த்து டேப் ஒட்டிக்கொண்டே போனாள். அண்ணி எங்கே உட்காருவது என்று தெரியாமல் வரிசை வரிசையாகக் கிடந்த காலி நாற்காலிகளைப் பார்த்தாள். கடைசியில், மிக்ஸர் பக்கத்தில் காலியாகக் கிடந்த ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மருந்துக்கடை அத்தை போனைக் காதில் இடுக்கியபடி ஹாலுக்குள் வந்தாள். அண்ணி முகத்தில் சிரிப்போடு பாதி எழுந்தாள்.

"டேய் சவுண்டு, சாப்பாட்டு ஹால்லயும் ரெண்டு பெட்டி வைடா. இப்போ வீட்டு மனுஷங்க சாப்பிட உக்காரப் போறாங்க. மெல்லிசா பாட்டு கேட்டா நல்லா இருக்கும்."

"நான் வைக்கறேன் அத்தை" என்று மேடையிலிருந்து பாப்பா குரல் கொடுத்தாள்.

"கெட்டிக்காரி! உங்க அண்ணன்கிட்ட சொல்லியிருந்தா நாளைக்குத்தான் வெப்பான்."

சிரித்துக்கொண்டே அத்தை போனில் யாரையோ திட்டப் போய்விட்டாள். பாதி எழுந்த அண்ணி மீதியையும் எழாமல், அப்படியே மெல்ல உட்கார்ந்தாள். சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் முகத்தில் மிச்சமிருந்தது.

பாப்பா அதைப் பார்த்தாள். 'ஐயோ பாவம்' என்று முதலில் தோன்றியது. 'சரி, இனிமே ஒரு வாரத்துக்கு இதுதான்' என்று அடுத்து தோன்றியது. இரண்டாவதாகத் தோன்றியதுதான் மனதில் தங்கியது.

மிக்ஸரிலிருந்து தனியாக ஒரு லைன் இழுத்து, சாப்பாட்டு ஹாலின் இரண்டு மூலையிலும் பெட்டி வைத்து, பாட்டு போகிறதா என்று சரிபார்த்துவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது மரப்பெட்டியின் மேல் அண்ணி இல்லை.

"அண்ணி எங்க?"

அண்ணன் ஹெட்போனைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இங்கதான இருந்தா?"

"கோவிச்சுக்கிட்டு எங்கயாவது தூணுக்குப் பின்னாடி நிப்பாங்க. அத்தை பேசாம போனதைப் பாத்தேன்."

"வந்துடுவா. நீ காலர் மைக்கை மாட்டு. செக் பண்ணிடலாம்."

மைக்கை சோதிக்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது இந்தக் குடும்பத்தில் கிடையாது. அப்பா வைத்துவிட்டுப் போன வழக்கம் அது. எண்ணும்போது குரல் ஒரே மட்டத்தில் படுத்துவிடும் என்பார். மேடையில் ஏறுகிறவன் சிரிப்பான், தழுதழுப்பான், திடீரென்று கத்துவான். அதனால் மைக்கை மாட்டிக்கொண்டவர் ஏற்ற இறக்கத்தோடு ஏதாவது பேசிக்கொண்டே ஹாலின் மூலை முடுக்கெல்லாம் நடக்க வேண்டும். பெரிய பெட்டிகளை அடக்கிவிட்டு மிக்ஸரில் இருப்பவர் ஹெட்போனில் கேட்பார். எங்கே விட்டுவிட்டு வருகிறது, எங்கே இரைகிறது என்று கண்டுபிடிப்பார்.

பேசுவது பாப்பா, கேட்பது அண்ணன். அது அவர்கள் இருவருக்கு மட்டுமான நிகழ்ச்சி. வீட்டில் உதடு பிரிக்காத அண்ணன், ஹெட்போனை மாட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காக அவள் மாமாவைப் போலப் பேசுவாள், வீட்டு ஓனரைப் போலப் பேசுவாள், கண் டாக்டரைப் போலப் பேசுவாள். சரியாகச் சொன்னால், அந்தச் சிரிப்பு கிடைக்குமென்றால் யாரை வேண்டுமானாலும் பேசுவாள்.

காலர் மைக்கை மாட்டிக்கொண்டு மேடைப் படியில் நின்றாள். அண்ணன் தூரத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டினான்.

"வணக்கம். இன்றைய வானிலை அறிக்கை. வாசிப்பது உங்கள் பாப்பா. எங்கள் அண்ணியின் முகத்தைச் சுற்றி உருவாகியிருக்கும் காற்றழுத்தத் தாழ்வு நிலை, காலையிலிருந்து ஒரே எடத்துல நகராம நிக்குது."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. அவள் நடக்கத் தொடங்கினாள்.

"நேயர்களுக்குப் புரியணும்கறதுக்காக விளக்கம். 'என்னைக் கண்டுக்கவே இல்ல'ன்னு அண்ணி சொன்னா, அது சாதாரண தூறல். எதிர்ல வந்தவங்க சிரிக்காம போயிருப்பாங்க. குடை தேவையில்லை. 'மதிக்கல'ன்னு சொன்னா மிதமான மழை. உக்காருன்னு சொல்லாம நிக்க வெச்சிருப்பாங்க. 'ஒரு பொருட்டாவே நினைக்கல'ன்னா காத்தோட மழை, அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல உப்பு இருக்காது."

இடது மூலை. அண்ணன் கையை அசைத்தான். இங்கே நன்றாகக் கேட்கிறது. அவள் குரலை உயர்த்தினாள்.

"'மூஞ்சில அடிச்சாப்பல ஆயிடுச்சு'! இது இடி. மின்னலும் உண்டு. கடைசியா, 'என்னை ஒரு மனுஷியாவே நினைக்கல'. புயல்! அண்ணன்மார்கள் கடையிலேயே படுத்துக்கொள்ளுமாறு எச்சரிக்கப்படுகிறார்கள்."

அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளுக்கு இன்னும் ஊக்கம் வந்துவிட்டது.

"ஒரு ரகசியம் சொல்லட்டுமா? யாராவது அண்ணியை நல்லா கவனிச்சுட்டாதான் ஆபத்து. அன்னிக்கு வீட்ல பேச விஷயமே இருக்காது பாரு. அப்புறம், நேத்து சாயங்காலம் என்ன பண்ணாங்க தெரியுமா? கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகை. 'வணக்கம் அத்தை, நல்லா இருக்கீங்களா அத்தை. எங்க, எங்களையெல்லாம் மறந்துட்டீங்க.' தலையை இப்படிச் சாய்ச்சு ஒரு தடவை. வேண்டாம்னு நேரா வெச்சு ஒரு தடவை. 'அத்தை'யில இனிப்பு போதலைன்னு இன்னொரு தடவை..."

அண்ணியின் குரல் அவளுக்கு அப்படியே வரும். கொஞ்சம் மூக்கு, கொஞ்சம் இழுவை, முடிவில் லேசான நடுக்கம். நடுக்கத்தைக்கூட விடாமல் செய்தாள்.

வலது மூலையிலும் நன்றாகவே கேட்டது. சோதனை முடிந்தது.

மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சாப்பாட்டு ஹாலின் கதவைத் தள்ளிக்கொண்டு அத்தை மகள் ஓடி வந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருந்தாள்.

"ஏய், அந்த வானிலை அறிக்கை நீதானா? ஐயோ, எங்களால சாப்பிடவே முடியல. எங்க மாமனாருக்குப் புரை ஏறிடுச்சு!"

பாப்பாவின் கை மைக்கின் கிளிப்பிலேயே நின்றுவிட்டது.

"எங்க கேட்டுது?"

"எங்கன்னா? அங்கதான். பாட்டு நின்னுச்சு, உன் குரல் வந்துச்சு. முதல்ல ஏதோ ரேடியோன்னு நினைச்சோம்."

"எங்க அண்ணி..."

அத்தை மகளின் சிரிப்பு அப்போதுதான் கொஞ்சம் தடுமாறியது.

"அவங்க அங்கதான் இருக்காங்க. அம்மாதான் வந்து கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. 'நீ ஏம்மா பெட்டி மேல உக்காந்திருக்க, நம்ம வீட்டு மூத்த மருமக இல்லையா நீ'ன்னு. அம்மா பக்கத்து நாற்காலியில, முதல் மேசையிலதான் உக்கார வெச்சாங்க." பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, "அவங்களும் சிரிச்சாங்கப்பா" என்றாள்.

பாப்பா மிக்ஸரை நோக்கி நடந்தாள். அண்ணன் ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி மிக்ஸரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை மகள் சொன்னதை அவனும் கேட்டிருந்தான்.

பெரிய பெட்டிகளை அடக்கியிருந்தான், அதில் தப்பில்லை. ஆனால் சாப்பாட்டு ஹாலுக்குப் போன லைன் தனி. அதற்குக் காலர் மைக்கின் ஒலியை அனுப்புகிற குமிழ், நேற்று வேறு ஓரிடத்து வேலையில் வைத்தபடி, பாதிக்கு மேல் திறந்தே இருந்தது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் எல்லாக் குமிழையும் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் மிக்ஸரை மூட வேண்டும். திருப்புவது பாப்பாவின் வேலை. நேற்று அவசரத்தில் மூடியை மட்டும் மூடினாள். இன்று அந்த லைனை இழுத்துச் சொருகியதும் அவள்தான்.

"நான் பாத்திருக்கணும்" என்றான் அண்ணன்.

"நீ ஏன் பாக்கணும்? நான்தானே..."

"சிரிச்சேன்ல."

அவ்வளவுதான் சொன்னான். குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினான். இனிமேல் திருப்பி என்ன ஆகப் போகிறது என்று இருவருக்கும் தெரியும்.

பாப்பாவுக்கு முகம் எரிந்தது. காது மடல்கூடச் சுட்டது. ஓடிப் போய் வேனுக்குள் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அண்ணியின் மனம் என்ன பாடுபடும் என்று முதலில் நினைத்திருக்க வேண்டும். அவள் முதலில் நினைத்தது, அங்கே எத்தனை பேர் இருந்தார்கள், என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதைத்தான். அது அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததும் இன்னொரு பங்கு கூசியது.

'நான் பொறுப்பு' என்று சொன்ன வாய் இது. ஒரு சொல் என்ன, ஒரு வாரத்துக்குப் போதுமானதைச் சொல்லியாகிவிட்டது.

சாப்பாட்டு ஹாலுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஓர் ஓரத்தில் யாரோ இருமினார்கள். இன்னொருவர் தட்டைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தார். அது சிரிப்பை அடக்குகிற கடி.

முதல் மேசையில் அத்தைக்குப் பக்கத்தில் நீலப் புடவை. அண்ணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. தட்டில் வைத்த எதையும் ஒதுக்காமல், ஒவ்வொரு வாயாக, பள்ளிக்கூடத்தில் பார்வையாளர் வந்திருக்கும்போது எழுதுகிற பிள்ளை போல ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

"வாடி வானிலை" என்றாள் அத்தை. சமாளிக்கப் பார்த்தாள், பாவம். "உக்காரு. நீயும் ரெண்டு வாய் சாப்பிடு. உங்க அண்ணி ஒண்ணும் மனசுல வெச்சுக்கல. வீட்டுப் பிள்ளைங்க கேலி பண்றதுதானே? என்னம்மா?"

"ஆமா அத்தை" என்றாள் அண்ணி. "நல்லா பேசுவாங்க. மைக்குன்னா அவங்களுக்குக் கூச்சமே கிடையாது."

அவங்களாம். பாப்பாவின் கால் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

"அண்ணி..."

அண்ணி நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் பாப்பாவுக்குப் பழக்கம். எந்தக் கோபத்தை எப்படித் தணிப்பது என்று அவளுக்கு அத்துப்படி. இந்த முகத்தில் எதுவுமே இல்லை. விருந்துக்கு வந்த இடத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் வழி கேட்டால் எப்படிப் பார்ப்பாளோ, அப்படிப் பார்த்தாள்.

"உங்களுக்கு வேலை நிறைய இருக்கும். போய்ப் பாருங்க. இங்க எல்லாம் நல்லா கவனிச்சுக்கறாங்க."

அத்தையின் மேசையில் இருந்த ஒருவர், சூழ்நிலையை லேசாக்குவதாக நினைத்து, "அப்போ இன்னிக்கு மழை இல்லைன்னு சொல்லுங்க" என்றார்.

ஹால் முழுக்கச் சிரித்தது. அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வெடித்த சிரிப்பு. அண்ணியும் சிரித்தாள். பாதி எழுந்து உட்கார்ந்தபோது முகத்தில் மிச்சமிருந்ததே, அந்தச் சிரிப்பு.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பாப்பாவுக்குத் தோன்றியது. ஆனால் இங்கே கேட்டால் அதையும் இவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஏதோ ஒரு காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். எதற்கு எடுத்தோம் என்று வெளியே வந்த பிறகும் தெரியவில்லை.

சாப்பிட்டவர்கள் கை கழுவி வெளியே வரத் தொடங்கியபோது, அண்ணி அத்தையிடம் குனிந்து ஏதோ சொல்லிவிட்டு முன்வாசல் வழியாகவே வெளியேறுவதைப் பாப்பா பார்த்தாள். அத்தை "இருந்துட்டுப் போம்மா" என்றாள். அண்ணி தலையசைத்தாள், போய்விட்டாள்.

"அண்ணா, அண்ணி போறாங்க."

அண்ணன் மேடையில் ஸ்டாண்டைத் திருகிக்கொண்டிருந்தான். கதவைப் பார்த்தான். பிறகு ஸ்டாண்டைப் பார்த்தான்.

"நான் இப்போ எப்படி விட்டுட்டு வர்றது? வரவேற்பு ஆரம்பிக்கப் போறாங்க."

"வேலையைச் சாக்கு சொல்லாத."

"சாக்குதான்" என்றான் அண்ணன். அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்குமா என்பது சந்தேகம். "அவ மூஞ்சியைப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. நீ போ."

"எனக்கு மட்டும் இருக்கா?"

"இல்லதான். நீ போ."

பாப்பா மைக்கை மேசையில் போட்டுவிட்டு ஓடினாள்.

பஸ் ஸ்டாப்பில் நீலப் புடவை தனியாகத் தெரிந்தது. தெருவே வேலைநாள் உடையில் போய்க்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் பட்டும் தோடுமாக ஒருத்தி நிற்பதைப் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பாப்பா நாலடி தள்ளி நின்றாள்.

"அண்ணி, நான் வேணும்னு பண்ணல."

அண்ணி பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க கேக்கும்னு எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா."

சொன்ன பிறகுதான் அது என்ன மன்னிப்பு என்று அவளுக்கே உறைத்தது. கேட்காது என்றால் பேசலாம் என்றுதானே அதற்கு அர்த்தம்? இத்தனை வருஷமும், எத்தனை மண்டபங்களில், அண்ணிக்குக் கேட்காது என்ற நம்பிக்கையில் எவ்வளவு பேசியிருக்கிறாள்! அதையெல்லாம் இந்த ஒரே வரியில் அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள்.

அண்ணிக்கும் அது புரிந்திருக்க வேண்டும். கைப்பையின் வாரை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

கேட்டில் நடந்ததும் அப்போது பாப்பாவின் நினைவுக்கு வந்தது. செட்டுக்கு வந்தவங்கதான், விடுங்க. அண்ணி குறை சொல்கிற ஆட்களில் அத்தைகள் உண்டு, சித்தப்பாக்கள் உண்டு, பக்கத்து வீடு உண்டு. அந்தப் பட்டியலில் இதுவரை ஒரு தடவைகூடப் பாப்பா வந்ததில்லை. தான் அப்படி எதுவும் செய்யாததால் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

பஸ் வந்தது. வீட்டுக்குப் போகிற பஸ் இல்லை, எதிர்த்திசைக்குப் போவது. அண்ணி ஏறினாள். யோசிக்க நேரமில்லாமல் பாப்பாவும் ஏறினாள்.

அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து, கைப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். பாப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கண்டக்டர் அண்ணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"என்னம்மா, இன்னிக்கு சனிக்கிழமை! புதன்கிழமை மட்டும்தானே நம்ம வண்டி? அடேங்கப்பா, பட்டுப் புடவையெல்லாம். விசேஷமா?"

"ஒரு விசேஷத்துக்குப் போயிட்டு வரேங்க."

"வழக்கமான எடம்தானே? பம்ப்ஹவுஸ் ஒண்ணு." டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பாப்பாவிடம் திரும்பினார். "நீ எங்கம்மா?"

பாப்பா இடுப்பைத் தடவினாள். பர்ஸ் வேனில், பெட்டிகளுக்கு நடுவில் கிடந்தது.

"பர்ஸை... மறந்துட்டேங்க."

"சரிதான். அப்போ அடுத்த ஸ்டாப்ல இறங்கிக்கோ."

"இல்லீங்க, நான் இவங்க..."

இவங்க எங்க அண்ணி என்று சொல்லியிருக்கலாம். எந்த உரிமையில் சொல்வது என்று நாக்கு நின்றுவிட்டது. கண்டக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணாம்மா?"

சாப்பாட்டு ஹாலை விட்டு வெளியே வந்த பிறகு அப்போதுதான் அண்ணி அவள் பக்கம் திரும்பினாள். நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். அந்த முகத்தில் எதையோ தேடுவது போல இருந்தது. கிடைத்ததா இல்லையா என்று பாப்பாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தெரியல" என்றாள் அண்ணி. "யாரோ பொண்ணு. பாவம், பர்ஸை மறந்துட்டு ஏறியிருக்கு. அதுக்கும் சேத்து ஒண்ணு குடுங்க."

"எது வரைக்கும்?"

அண்ணி உடனே சொல்லவில்லை. அடுத்த ஸ்டாப் வந்தது. இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். பஸ் மறுபடி கிளம்பியது.

"பம்ப்ஹவுஸ் வரைக்கும்" என்றாள் அண்ணி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

பாப்பா டிக்கெட்டை வாங்கிக்கொண்டாள். பம்ப்ஹவுஸ் பக்கம் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை, தெரிந்தவர்களும் இல்லை. புதன்கிழமைகளில் உங்கள் அண்ணி எங்கே இருப்பாள் என்று யாராவது கேட்டிருந்தால், வீட்டில்தான், வேறெங்கே போகப் போகிறாள் என்று அவள் யோசிக்காமல் சொல்லியிருப்பாள்.

"ரொம்ப நன்றிங்க" என்றாள். அந்தப் பஸ்ஸில், அந்த அம்மாளிடம், அவளால் சொல்ல முடிந்தது அது ஒன்றுதான்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அது தனக்காகத்தானா என்று பாப்பாவுக்குத் தெரியவில்லை. பம்ப்ஹவுஸ் வருகிற வரைக்கும் அவள் நின்றுகொண்டே போனாள்.